கெட்ட கம்பிக்கு முத்திரை

பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். ஆஸ்பத்திரிப் பலகையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் எழுதியிருந்தது. குடியிருப்பில் எல்லோரும் வாய் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரில் ஒருவரை உட்காரவைத்து, உதட்டைக் குவித்தும் விரித்தும் காட்டி, அவரும் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்து, என்றைக்காவது 'தண்ணி' என்று கேட்கும்வரை அலுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் தவிர அந்த வேலைக்கு வேறு கருவி கிடையாது.

கடைசியில் அவளுடைய சொந்த அண்ணனுக்கே அது வந்தது. அண்ணன் வேறு ஊரில், மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். அவர் ஒரு மூச்சில் கொட்டும் சொற்கள் காதில் விழுந்து புரிவதற்குள் கூடை கைமாறியிருக்கும். அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது அவரிடம் 'ம்' ஒன்றுதான் மிச்சமிருந்தது. அவர் வீட்டுக்கு ரயிலில் ஒரு முழு நாள் பயணம். இவளுக்கு இங்கே நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். பயணம் செய்யும் நிலையில் அண்ணனின் உடம்பும் இல்லை. அதனால் தினமும் சாயங்காலம் வீடியோவில் பாடம் நடத்துவது என்று ஏற்பாடாயிற்று. அந்தப் பக்கம் அண்ணி செல்போனைப் பிடித்துக்கொள்வாள். இந்தப் பக்கம் இவள் வாயைக் காட்டுவாள்.

ஏற்பாட்டில் குறை இல்லை. வீட்டுக்கு வந்த பிராட்பேண்டில்தான் குறை இருந்தது. பழைய டெலிபோன் கம்பி வழியாகவே அதிவேக இணைப்பு, சுவரை இடிக்க வேண்டாம், தோண்ட வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். சுவரை இடிக்கவில்லை, தோண்டவில்லை. அந்த மட்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

"அண்ணா, என் உதட்டைப் பாரு. முதல்ல மூடணும். அப்புறம் திறக்கணும். பா."

அவள் வாயைத் திறந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. அண்ணன் ஒழுங்கான மாணவர். திரையில் தங்கையின் வாய் திறந்திருந்தவரை அவரும் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது.

"நீ வாயை மூடும்மா," என்றாள் அண்ணி. "நீ மூடினாத்தான் இவரும் மூடுவாரு போல."

"நான் அப்பவே மூடிட்டேன் அண்ணி."

"இங்க திறந்துதான் இருக்கு. இவருக்குத் தாடை வலிக்கப்போகுது."

மறுநாள் படம் மூடிய உதட்டோடு நின்றது. அன்றைக்குப் பாடம் முழுவதும் அண்ணன் வாயே திறக்கவில்லை. குடியிருப்பே பள்ளத்தில் இருந்ததால் செல்போன் சிக்னலும் வீட்டுக்குள் வராது. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே சிக்னல் இருந்தது, காற்று இருந்தது, துணி உலர்த்த வந்தவர்களும் இருந்தார்கள். காற்றில் ஒரு வார்த்தையும் அண்ணனுக்குக் கேட்கவில்லை. வாய் டாக்டர் தனியாக நின்று ஆகாயத்தைப் பார்த்து வாயைக் கோணுகிறாள் என்ற செய்தி மட்டும் கீழ்த்தளம் வரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

புகார் கொடுத்ததும் லைன்மேன் வந்தார். மோடத்தின் முன்னால் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"விளக்கு பச்சையா இருக்கும்மா."

"படம் நின்னு நின்னு போகுதேப்பா."

"பச்சையா இருந்தா லைன் நல்லா இருக்குன்னு போட்டுட்டுக் கிளம்பணும். சிவப்பா இருந்தாத்தான் நான் கையை வைக்கலாம்."

"சிவப்பா ஆக என்ன பண்ணணும்?"

லைன்மேன் கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் ஒரு வீட்டுல சிவப்பு எரிஞ்சிருக்கு. அந்த வீட்டுல மோடமும் சேர்ந்து எரிஞ்சுட்டிருந்தது."

மோடம் செய்த கம்பெனிக்கு போன் போட்டாள். மோடம் நன்றாக இருக்கிறது, எக்ஸ்சேஞ்சில் மறுமுனையில் இருக்கும் கார்டுதான் கோளாறு என்றார்கள். கார்டு செய்த கம்பெனிக்குப் போட்டாள். கார்டு நன்றாக இருக்கிறது, மோடம்தான் கோளாறு என்றார்கள். இரண்டு பேரும் ஒரே நிலையத்தில் சான்றிதழ் வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்று சான்று கொடுத்தவர்களையே கேட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அது நியாயமான யோசனைதான். ஆனால் அதற்கு முன்பு யாரும் அந்த நிலையத்துக்கு அப்படி ஒரு யோசனையோடு போனதில்லை.

ஒத்தியங்கல் சோதனை நிலையம் நகரத்தின் மறுகோடியில் புல்வெளிக்கு நடுவே இருந்தது. வாசலில், செம்புக் கம்பியை முறுக்கிச் செய்த இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. வரவேற்பில் இருந்த பெண், "எந்தக் கம்பெனிலேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டாள்.

"கம்பெனி இல்ல. வீட்டுலேர்ந்து வர்றேன்."

"வீடுன்னு இதுல ஒரு வகை இல்லையே," என்று கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடினாள். பிறகு, இருக்கிறதில் நெருக்கமானதைத் தேர்ந்தெடுத்து ஓர் அட்டையை அச்சிட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டாள். 'இதரக் கருவி' என்று அதில் இருந்தது.

இயக்குநர் மென்மையாகப் பேசுகிற மனிதர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தபடி இருந்ததைச் சொன்னபோது வருத்தமாகத் தலையை அசைத்தார்.

"முதல்ல ஒரு நல்ல செய்தி சொல்றேன். உங்க மோடமும் சரி, அந்தக் கார்டும் சரி, ரெண்டுமே இங்க பாஸ் ஆனது. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"ஆனா ரெண்டும் சேர்ந்து வேலை செய்யலையே சார்."

"சேர்ந்து வேலை செய்யும்னு நாங்க எங்கயும் சொல்லலையேம்மா. ஒத்தியங்கும்னுதான் சொல்லியிருக்கோம்."

வாய் டாக்டருக்கு வித்தியாசம் புரியவில்லை. அது புரியாததற்காக இயக்குநர் அவளைக் குறைவாக நினைக்கவில்லை.

"ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்த்து நீ யாருன்னு கேட்கணும். அது பதில் சொல்லணும். ரெண்டும் கைகுலுக்கணும். அதுதான் ஒத்தியங்கல். இந்த இடத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள எங்கள்ல பாதிப் பேருக்குத் தலை நரைச்சுப்போச்சு. கைகுலுக்கினதுக்கு அப்புறம் அதுங்க என்ன பேசிக்குது, பேசுதா இல்லையாங்கறது அதுங்களோட சொந்த விஷயம். அதுல நாங்க மூக்கை நுழைக்கிறது அவ்வளவு நல்லா இருக்காது."

பிறகு சோதனைக் கூடத்தைச் சுற்றிக் காட்டினார். குளிர்ந்த, தூசியில்லாத நீண்ட அறை. இந்த மேஜையில் மோடம், அந்த மேஜையில் கார்டு, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி.

"கம்பி எங்க சார்?"

"இந்தப் பெட்டிதான். கம்பி மாதிரியே நடந்துக்கும்."

"நிஜக் கம்பி வைக்கலையா?"

"ஆரம்பத்துல வெச்சிருந்தோம்," என்றார் இயக்குநர், பழைய தொல்லை ஒன்றை நினைத்துக்கொண்டவர் போல. "மழை பெஞ்சா ஒரு மாதிரி நடந்துக்கும், வெயில் அடிச்சா ஒரு மாதிரி நடந்துக்கும். அப்படி நிலையில்லாத ஒண்ணை வெச்சுக்கிட்டுத் தரநிலை எழுத முடியுமா? கம்பியை எடுத்துட்டோம். அதுக்கப்புறம்தான் முடிவுகள் சுத்தமா வர ஆரம்பிச்சுது."

"உங்க ஆபீஸ்ல பிராட்பேண்ட் எப்படி இருக்கு சார்?"

"பிரமாதமா இருக்கு. நாங்க ஃபைபர் போட்டுட்டோம்." அவர் முகத்தில் கூச்சம் எதுவும் இல்லை. "முக்கியமான வேலை நடக்கிற இடம் பாருங்க. காப்பரை நம்பிக்கிட்டு உட்கார முடியாது."

கிளம்பும்போது அவளை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். செருகு வாரம் என்று அதற்குப் பெயர். எல்லாக் கம்பெனிகளும் தங்கள் கருவிகளைக் கொண்டுவந்து ஒன்றில் ஒன்று செருகிப் பார்க்கும் வாரம். அங்கே பயனருக்கென்று ஒரு நாற்காலி உண்டு, அது இத்தனை காலமாகக் காலியாகவே இருக்கிறது, பார்க்கவே சங்கடமாக இருக்கிறது என்றார்.

அவள் கணவர் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவர். நடந்ததைச் சொன்னபோது மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப நானும் பொம்மைக்குச் சட்டையை மாட்டிப் பார்த்துட்டு, ஆளு இப்படி வீங்கியிருந்தா நான் என்ன பண்றதுன்னு கேட்கலாம்."

"கிண்டல் பண்ணாதீங்க. என்னைக் கூப்பிட்டிருக்காங்க. போய்ச் சொன்னாத்தானே அவங்களுக்கும் தெரியும்."

"போயிட்டு வா," என்று மெஷினைத் திரும்ப ஓட்டினார்.

செருகு வாரத்துக்குப் பெரிய மண்டபம் பிடித்திருந்தார்கள். ஒரு சுவரோரம் மோடம்காரர்கள், எதிர்ச்சுவரில் கார்டுகாரர்கள். மணி அடித்தால் செருகுவார்கள். விளக்கு எரிந்ததும் மறுபடி மணி அடிக்கும், எல்லோரும் கை தட்டுவார்கள், பிடுங்கிக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்வார்கள். அவள் 'பயனர்' என்று பலகை வைத்த நாற்காலியில், மண்டபத்தின் நடுவே, எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்திருந்தாள்.

அவள் வீட்டில் இருந்த அதே மோடமும், எக்ஸ்சேஞ்சில் இருந்த அதே வகைக் கார்டும் ஜோடி சேரும் முறை வந்தது. செருகினார்கள். விளக்கு எரிந்தது. மணி அடித்தது. கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் விளக்கு அணைந்து, எரிந்து, மறுபடி அணைந்தது.

"அணைஞ்சிடுச்சு," என்றாள் அவள்.

"மணி அடிச்சதுக்கு அப்புறம்தானே அணைஞ்சுது," என்றார் பக்கத்தில் நின்ற நடுவர்.

"எங்க வீட்டுல மணியே இல்லையே சார்."

நடுவர் குனிந்து, காதருகே சொன்னார். "சத்தமா சொல்லாதீங்கம்மா. சரியா வராத ஜோடிகளைப் பத்தி வெளியில பேசறதில்லைன்னு இங்க எல்லாருக்கும் ஒப்பந்தம். பேசினா அடுத்த தடவை யாரும் செருக வரமாட்டாங்க. அப்புறம் ஒத்தியங்கலே நின்னுபோயிடும்."

மதியம் நடந்த பொதுக்கூட்டத்தில், பயனர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று வழக்கப்படி கேட்டார்கள். வழக்கமாக அந்தக் கேள்வி காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்கப்படும். அன்றைக்கு நாற்காலி எழுந்து நின்றது.

"கைகுலுக்கினா மட்டும் போதாதுங்க. அதுக்கப்புறம் பேசவும் வேணும்," என்றாள். "எங்க அண்ணனால ஒரு வார்த்தை பேச முடியல. நான் வாயைக் காட்டினாத்தான் அவர் கத்துக்குவார். நடுவுல படம் நின்னு நின்னு போறதால, அவர் தப்பாக் கத்துக்கிட்டு இருக்கார்."

பின்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயனர் சொன்னது மிக ஆழமானது என்று இயக்குநர் எழுந்து சொன்னார். கைகுலுக்கிய கருவிகள் பேச வேண்டும் என்று தரநிலையில் ஒரு வரி சேர்க்கலாமா என்று ஆராய உபகுழு ஒன்றை அங்கேயே அமைத்தார். பேச்சைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் என்பதால் வாய் டாக்டரே தலைவி.

தலைவி என்றதும் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் அவளை யாரும் எதற்கும் தலைவி ஆக்கியதில்லை.

உபகுழு அந்த வாரம் பூராவும் உட்கார்ந்தது. 'பேச வேண்டும்' என்ற சொற்களைப் பார்த்ததும், அதுவரை ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்த மோடம்காரரும் கார்டுகாரரும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள்.

"'வேண்டும்'னு எழுதினா, பேசாத கருவியெல்லாம் தப்பான கருவின்னு ஆயிடும்," என்றார் மோடம்காரர்.

"ஆமா, தப்புதானே?" என்றாள் தலைவி.

"எங்க கருவி முழுக்க அப்படித்தானேம்மா இருக்கு," என்றார் கார்டுகாரர், உண்மையான வேதனையோடு. "'பேசலாம்'னு போடுங்களேன். எங்களுக்கும் ஒரு மரியாதை இருக்கும்."

'பேசும்' என்று போடலாமா என்று ஒருவர் கேட்டார். அது வாக்குறுதி போல ஒலிக்கிறது என்று இன்னொருவர் பயந்தார். 'பேசுதல் நலம்' என்று ஒரு முன்மொழிவு வந்தது. நலம் என்பதை அளக்கும் கருவி இன்னும் வரவில்லை என்று அது விழுந்தது. கடைசியில் ஒருமனதாக ஒரு வாக்கியம் நிறைவேறியது: 'கைகுலுக்கிய கருவிகள், சூழ்நிலை இடம் கொடுத்தால், பேச விரும்பலாம்.'

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தலைவியும் தட்டினாள்.

அன்று வீடு திரும்பும்போது பாட நேரம் தாண்டிப் போயிருந்தது. அந்த வாரம் தினமும் அப்படித்தான். மாடிக்கு ஏறி அண்ணிக்கு போன் போட்டாள்.

"நீ வருவேன்னு திரைக்கு முன்னாடியே உட்கார்ந்திருந்தாரு," என்றாள் அண்ணி. "நான் சாப்பிடக் கூப்பிட்டேன். எழுந்திருக்க மாட்டேன்னுட்டாரு. வேலை அதிகமாம்மா?"

"ஆமா அண்ணி, இதே வேலைதான். லைனைச் சரி பண்ற வேலை," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே அது சரியாகப் படவில்லை.

ஆனால் அந்த வாக்கியம் சும்மா இருக்கவில்லை. 'சூழ்நிலை' என்றால் என்ன என்று யாரோ கேட்டுவிட்டார்கள். சூழ்நிலையை விளக்க வேண்டுமானால் உண்மையான வீட்டுக் கம்பி ஒன்றைப் பார்த்தாக வேண்டும். உறுப்பினர்களில் ஒருவர் வீட்டிலும் காப்பர் இல்லை. எல்லோரும் ஃபைபர் போட்டிருந்தார்கள். ஆகவே தலைவி வீட்டுக்கு ஒரு குழு வந்தது.

கருவிகளை வைத்துக் கம்பியை வாசலிலிருந்து கீழ்த்தளம் வரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஜாயின்ட் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடியில் கம்பி கிளை பிரிந்து, யாரோ எப்போதோ காலி செய்த வீட்டின் சுவருக்குள் போய் எதோடும் சேராமல் முடிந்தது. அப்புறம் லிஃப்ட் மோட்டாரை உரசிக்கொண்டு ஏறியது. வீட்டுக்குள் கணவரின் தையல் மெஷின் ஓடும்போதெல்லாம் கருவியின் முள் துள்ளியது. ஒவ்வொன்றைக் கண்டுபிடிக்கும்போதும் குழுவினர் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டார்கள். சிறிது நேரத்தில் நிலையத்திலிருந்து இன்னும் நான்கைந்து பேர் வேனில் வந்து இறங்கினார்கள்.

"தரநிலையோட கடைசியில கோளாறு வகைகள்னு ஒரு பட்டியல் போட்டிருக்கோம்," என்று வந்த குழுவின் தலைவர் அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். "நாங்களா யோசிச்சு எழுதினதும்மா. நிஜத்துல இருக்குமான்னே எங்களுக்குச் சந்தேகம். அத்தனையும் உங்க ஒரே கம்பியில இருக்கு."

"அப்ப சரி பண்ணிடலாம்ல?"

குழுத் தலைவர் அவளைப் புரியாமல் பார்த்தார்.

அடுத்த வாரம் ஜாயின்ட்டுகளில் அரக்கு முத்திரை வைத்தார்கள். கதவுக்கு வெளியே, கம்பி உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பித்தளைத் தகடு: 'மாதிரிக் கெட்ட கம்பி. தொடவோ திருத்தவோ கூடாது.' நாட்டில் தயாராகும் எந்தக் கருவியும் இனி இந்தக் கம்பியில்தான் கடைசியாகச் சோதிக்கப்படும் என்று இயக்குநர் சிற்றுரை ஆற்றினார்.

லைன்மேன் அன்றைக்குத்தான் மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, தோளில் புதுக் கம்பிச் சுருளோடு வந்து சேர்ந்தார். தகட்டைப் படித்தார். சுருளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"சீல் வெச்சதுல கை வெச்சா என் வேலை போயிடும்மா," என்று சொல்லிவிட்டு வந்த வழியே இறங்கிப் போனார்.

அவள் நிலையத்துக்கு ஓடினாள். இயக்குநர் இந்த முறையும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சார், எனக்கு எந்த மரியாதையும் வேண்டாம். கம்பியை மாத்திக் கொடுங்க. எங்க அண்ணன் நல்லாப் பேசணும், அவ்வளவுதான்."

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா நீங்களும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நல்ல கம்பின்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். கெட்ட கம்பின்னா என்னன்னு உலகத்துக்கு எடுத்துச் சொல்ல எங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணுமே இல்லை. இப்பத்தான் கிடைச்சிருக்கு. அதைப் போய்ச் சரி பண்ணிட்டா, அப்புறம் உங்களை மாதிரிக் கஷ்டப்படறவங்களுக்காக நாங்க எப்படிப் பாடுபடறது?"

"அப்ப பக்கத்துல இன்னொரு கம்பியாவது?"

"பக்கத்துல நல்ல கம்பி ஓடினா இதோட கெட்ட தன்மை பாதிக்கும். அதைச் சோதிச்சுப் பார்த்தாச்சு. பெட்டியில."

"இணைப்பே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா?"

"பயனர் இல்லாத கம்பி தரநிலைப்படி கம்பியே இல்லைம்மா. வீடும் மாத்திடாதீங்க. தையல் மெஷின் ஓடுற, பேச்சுப் பயிற்சி நடக்கிற வீடுன்னு சூழ்நிலை விளக்கத்துல போட்டாச்சு." பிறகு, அவள் முகத்தைப் பார்த்து இரங்கி, ஒரு வழியும் சொன்னார். வாராவாரம் சோதனைப் பதிவு நடக்கும். பதிவுகள் விடுபடாமல் முழுமையானால், கம்பிக்கு ஓய்வு கொடுப்பது பற்றிக் குழு பரிசீலிக்க விரும்பலாம்.

'விரும்பலாம்' என்ற சொல்லை அவள் எங்கே கேட்டாள் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அந்த உபகுழுவில் அவள்தான் தலைவி.

அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் நிலையத்திலிருந்து ஒரு பதிவாளர் வந்தார். சாதுவான மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார். வெயில் காலத்தில் படிக்கட்டு ஜாயின்ட் உலர்ந்துவிடாமல் குடியிருப்புக் காவலாளி ஒரு குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும். பதிவு நடக்கும்போது கணவர் மெஷினை ஒரே சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். தைக்கத் துணி இல்லாத நாளிலும்.

"வெறும் மெஷினை ஓட்டினா நூல் சிக்கும் சார்," என்றார் கணவர்.

"நூலைக் கழட்டிட்டு ஓட்டுங்களேன். சத்தம் போதும்."

முதல் நாள் கணவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நூலைக் கழற்றிவிட்டு, துணியில்லாத மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்து ஓட்டினார். பழகிய கை, இல்லாத துணியையும் நகர்த்திக்கொண்டே போனது.

அந்தப் பக்கம் அண்ணனின் உடம்பு மெல்லத் தேறியது. கை அசைந்தது, கோலை ஊன்றி நடந்தார். பேச்சு மட்டும் அங்கேயே நின்றது. ஒரு நாள் அவள் மாடிக்குப் போய் போன் போட்டபோது அண்ணி சொன்னாள்.

"இனிமே அந்தக் கம்பியை நம்பிப் பிரயோஜனம் இல்லைம்மா. நாங்களே கிளம்பி வர்றோம்."

ரயிலிலிருந்து அண்ணன் இறங்கியபோது அவள் நடைமேடையில் அழுதாள். அவர் அவளுடைய வாயைத்தான் பார்த்தார். இத்தனை மாதம் துண்டு துண்டாகப் பார்த்த வாய் முழுசாக அசைவதை வியந்து பார்ப்பவர் போல இருந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பாடம் தொடங்கினார்கள். உதட்டை மூடு, திற. மூடு, திற. இரண்டாம் நாள் அவர் வாயிலிருந்து 'பாப்' என்று வந்தது. சின்ன வயதிலிருந்து அவர் தங்கையைக் கூப்பிடுவது பாப்பா என்றுதான். மூன்றாம் நாள் 'பாப்பா' முழுசாக வந்தது. கணவர் மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூல் கோக்கிற பாவனையில் குனிந்துகொண்டார்.

நான்காம் நாள் பதிவாளர் வந்தார். அண்ணனைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினார்.

"மறுமுனைக்காரர் இங்கயே வந்துட்டாரா?"

"எங்க அண்ணன் சார். இனிமே வீடியோ தேவையில்லை," என்றாள் அவள்.

"தேவையில்லைதான். ஆனா பதிவு விடுபட்டா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்மா." அவருக்கே அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "ஒண்ணு பண்ணலாம். அவர் உள் ரூம்ல இருக்கட்டும். நீங்க ஹால்ல இருங்க. நடுவுல கதவைச் சாத்திடலாம். படம் இங்கேர்ந்து வெளிய போய், எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் போய், திரும்பி இந்த வீட்டுக்கே வந்து அவர்கிட்ட சேரணும். பத்து நிமிஷ வேலை."

"அடுத்த ரூம்தானே சார். பேசினா கேட்குமே," என்றாள் அண்ணி.

"காத்துல வர்ற குரல் கணக்குல வராதும்மா."

யாருக்கும் மறுக்கத் தெரியவில்லை. இத்தனை பதிவுகள் வீணாகிவிடுமே என்று அவளுக்கும் ஓர் எண்ணம். அண்ணி அவரை உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்து, செல்போனை எதிரில் நிறுத்திவைத்துவிட்டு வெளியே வந்தாள். பதிவாளர் கதவைச் சாத்தினார். கணவர் நூலைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட்டத் தொடங்கினார். அவள் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து உதட்டை மூடித் திறந்தாள்.

திரையில் அண்ணன் அசையாமல் இருந்தார். அந்தப் பக்கம் அவர் என்ன பார்க்கிறார் என்று தெரியவில்லை. மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் மறுபடியும் காட்டினாள். மறுபடியும்.

அப்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, திக்கித் திக்கி, ஏலச் சந்தையில் கேட்ட அதே கனத்த குரல் வந்தது.

"பாப்பா... கதவைத்... தொற."

மெஷின் நின்றது. பக்கவாதத்துக்குப் பின் அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"எழுந்திருக்காதீங்கம்மா," என்றார் பதிவாளர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "இன்னும் வரல."

"உங்களுக்குக் கேட்கலையா சார்?"

"கேட்டுச்சும்மா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டுச்சு. திரையில வரலையே. சார், நீங்க மெஷினை நிறுத்திட்டீங்க."

கணவர் கையை மெஷின் மேல் வைத்தார். ஓட்டவில்லை. எடுக்கவும் இல்லை. பதிவாளர் மறுபடி மெதுவாகச் சொன்னார், பயனர் இருக்கையை விட்டு எழுந்தால் இன்றைய பதிவு செல்லாது, முந்தையவையும் சேர்ந்து போகும், கம்பி இப்படியே இருந்துவிடும் என்று.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

அண்ணன் கட்டிலில் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதில் அவள் இன்னும் ஹால் நாற்காலியிலேயே இருந்தாள். அவர் வாசலில் நின்றவளைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு கோலை நகர்த்திவைத்து, கட்டிலில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பதிவாளர் தன் கருவிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் எதிரில் இருந்த செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அவள் அப்போதுதான் நாற்காலியிலிருந்து எழ ஆரம்பித்தாள்.